நாற்பத்தோராம் அட்டை

இதை நான் நேரில் பார்க்கவில்லை, என்னோடு பி.எட். படித்த தோழி சொல்லிக் கேட்டது.

தற்காலிக ஆசிரியை இசக்கியம்மாளின் வகுப்புக்குள் பள்ளித் தாளாளர் நெல்லையப்பன் விறுவிறுவென்று நுழைந்தார். "பிள்ளைங்க கையில டேப்லெட் இல்ல, உங்க கையில ஒரே ஒரு போன். இதுவா டிஜிட்டல் வகுப்பு? இந்த நாற்பது பேர்ல யாருக்குப் பாடம் புரியலன்னு, யாரையும் எழுப்பிக் கேட்காம இப்பவே சொல்லுங்க. முடியலன்னா நாளைக்கு வர வேண்டாம்."

"சரிங்க சார். கேள்வியை நீங்களே கேளுங்க" என்றாள்.

இலவசச் செயலி ஒன்றுக்காக அச்சடித்த, எண் போட்ட அட்டைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். விடைக்கு ஏற்றபடி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போன் படித்துக்கொள்ளும். மிஞ்சிய ஒன்றை அவரிடம் நீட்டினாள். "நீங்களும் சோதிச்சுப் பாருங்க சார்."

அவர் பாடப்புத்தகத்தைப் புரட்டிக் கேட்டார்: "கோடையில் வெப்பம் ஏன் அதிகம்? பூமி சூரியனை நெருங்குவதாலா, பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலா?"

அட்டைகள் உயர்ந்தன. அவரும் மிடுக்காக உயர்த்தினார். இசக்கியம்மாள் சரியான விடையைப் போனில் குறித்துவிட்டு, அதன் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை காட்டினாள். போனோடு இணைத்திருந்த சுவர் டிவியில் எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. நாற்பத்தொன்று மட்டும் சிவப்பு.

"யாருடா அந்த நாற்பத்தொண்ணு? எழுந்து நில்லுடா!"

யாரும் அசையவில்லை. எல்லாக் கண்களும் அவர் கையையே பார்த்தன.

இசக்கியம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "அவர் நின்னுக்கிட்டுத்தான் சார் இருக்கார்."

அவர் தன் அட்டையைப் பார்த்தார். அதை மேசையில் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கு நேரத்துக்கு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

பிறகு நானும் சரிபார்த்தேன். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது நம் மார்கழிக் குளிரில்தான்.