திறக்காத முகவரிகள்

இணையப் பாதுகாப்பு வேலையில் மாரப்பனுக்குக் குரு பர்வீன். அவரைவிடப் பத்து வயது இளையவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள்.

இவர்களிடம் வேலை கொடுத்தது கோவையில் ஒரு பம்புசெட் கம்பெனி. இத்தனை வருடத்தில் எந்தெந்த இணைய முகவரிகளை வாங்கிப் போட்டோம் என்று அதற்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் பொறுப்பு மாரப்பனிடம் வந்தது. இதைச் சரியாகச் செய்தால்தான் அவர் வேலை நிரந்தரம். ஒன்று விட்டுப்போனாலும் முன்பு வேலை பார்த்த செல்போன் கடைக்கே திரும்ப வேண்டியதுதான்.

பதிவு விவரங்களைத் துழாவினார். இணையதளங்களுக்குத் தரப்படும் பாதுகாப்புச் சான்றிதழ்களில் கம்பெனியின் பெயரைத் தேடினார். விளம்பரப் பிரிவுக்கே போய், பொங்கல் போட்டிக்கென்று வாங்கி மறந்த முகவரிகளையும் கேட்டு வந்தார்.

"முடிஞ்சதுங்க மேடம்."

"எல்லாமே கம்பெனியுடையதுதானா?"

"ஒண்ணொண்ணா திறந்து பார்த்துட்டேனுங்க. திறக்காததை எடுத்துட்டேன்."

"ஏன்?"

"வெப்சைட்டே இல்லீங்களே. காலி இடம்."

"எடுத்ததுல ஒண்ணு சொல்லுங்க."

அவர் சொன்னார். கம்பெனி எப்போதோ தயாரிப்பை நிறுத்திவிட்ட ஒரு மோட்டாரின் பெயர் அது.

"அந்த முகவரியில் விற்பனைப் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்க. மோட்டார் என்ன விலைன்னு கேளுங்க."

மாரப்பன் சிரித்துவிட்டார். "ஆளில்லாத வீட்டுல போய்த் தண்ணி கேக்கற மாதிரிங்க."

"கேளுங்களேன். உங்க வீட்டுத் தண்ணியா செலவாகுது?"

அனுப்பினார். இருவரும் டீ குடிக்கப் போனார்கள். மாரப்பன் பாதி டீயோடு திரும்பி வந்து திரையைப் பார்த்தார்.

பதில் வந்திருந்தது.

"வணக்கம் ஐயா. எத்தனை எச்.பி. வேண்டும்? பாதிப் பணம் அனுப்பினால் நாளைக்கே லாரியில் ஏற்றிவிடுவோம்."

கீழே கம்பெனியின் பெயரும் முத்திரையும் இருந்தன.

பர்வீன் கம்பெனிக்கு போன் செய்தாள். அந்த மெயிலை அங்கே யாரும் பார்ப்பதில்லை. அந்த மோட்டாரும் இப்போது இல்லை.

மாரப்பனுக்கு ஆவல் விடவில்லை. அந்த முகவரியின் அமைப்பைத் தோண்டிப் பார்த்தார்.

"முகவரி இன்னும் கம்பெனி பேர்லதானுங்க இருக்குது. மெயிலை மட்டும் வெளியில ஒரு சேவைக்காரங்ககிட்ட வெச்சிருந்திருக்காங்க. அந்தக் கணக்கைப் புதுப்பிக்காம விட்டுட்டாங்க. வேற யாரோ அதுல வந்து உட்கார்ந்துட்டான்."

"ம்."

"நான் இதைக் காலின்னு எடுத்துப்போட்டேனுங்களே மேடம்."

பர்வீன் கம்பெனிக்கு மறுபடி போன் செய்து, அந்த மெயிலை உடனே அடைக்கச் சொன்னாள்.

மாரப்பன் நீக்கிய முகவரிகளையெல்லாம் திரும்பத் திரையில் கொண்டுவந்தார். நிறைய இருந்தன.

"இதுகளை என்ன பண்றதுங்க மேடம்?"

"எல்லார்கிட்டயும் மோட்டார் என்ன விலைன்னு கேளுங்கண்ணா."