காற்று எந்தப் பக்கம்

ஐம்பத்தாறு வயதில் சீடனாகப் போய்ச் சேர்வதென்றால் யாருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அதுவும் குரு தன்னைவிட இருபது வயது சிறியவள் என்றால் கேட்கவே வேண்டாம். நாச்சிமுத்துவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகிற சாலையில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கும் கோகிலவாணியிடம் ஒருநாள் போய் நின்றார்.

"எனக்கும் கத்துக் குடுங்க அம்மிணி."

"பேசாம நின்னு பாருங்கண்ணா" என்றாள் வாணி.

அதில் நிற்பதும் பார்ப்பதும் அவருக்கு நன்றாகவே வந்தன.

அவர் மனைவி துளசிமணி வால்பாறையில் தங்கை வீட்டில் இருந்தாள். இருவரும் சேர்ந்து நடத்திய மாவு மில்லை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் கைமாற்றிவிட்டார். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறியவள்தான். 'அவரே வந்து கூப்பிட்டா வர்றேன்' என்று தங்கை மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தாள். இப்போது தங்கை குடும்பம் திருப்பூருக்கு வீடு மாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது. அவர்களோடு துளசிமணியும் போய்விட்டால் அப்புறம் திரும்பி வருவாள் என்று யாருக்கும் நம்பிக்கையில்லை.

பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் அந்த வளைவுகளில் பஸ் என்றால் துளசிமணிக்குக் குமட்டும். போகும்போதே வாந்தி எடுத்துக்கொண்டேதான் போனாளாம். காரில்தான் அழைத்துவர வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார்.

அவருடைய பழைய டீசல் காரில் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஃபேன் தேய்ந்து போயிருந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, கடையில் ஒரு கரண்ட் ஃபேன் வாங்கி, ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கமாக அவரே மாட்டினார். ரிலே, ஃபியூஸ், சூடேறினால் தானாக ஃபேனைப் போடும் சுவிட்ச் எல்லாம் வாணியிடம் பார்த்துக் கற்றபடியே வைத்தார். ஃபேனிலிருந்து வந்த இரண்டு வயரும் கறுப்பு. ஒன்றைக் கரண்டுக்கும் மற்றதை எர்த்துக்கும் கொடுத்தார். கிர்ரென்று சுற்றியது. தேங்காய் உடைத்து, முன் கிரில்லில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டுத்தான் மலைக்குக் கிளம்பினார்.

முதல் வளைவுகளிலேயே சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியது. திரும்பி வந்தார். ஃபியூஸை மாற்றிவிட்டுப் போனார், திரும்பி வந்தார். எர்த்தைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் போனார், அப்போதும் திரும்பித்தான் வந்தார். சனிக்கிழமை காலையில் வாணியின் பட்டறைக்கு வந்தபோது மனுஷர் முகமே சரியில்லை.

"ஒண்ணுமே புரியலைங்க அம்மிணி. ஃபேன் ஓடுனா சூடாகுது. எரிச்சல்ல ஃபியூஸைப் புடுங்கிப் போட்டுட்டு நேர் ரோட்டுல வந்தா, முள்ளு எறங்குது. இதென்னங்க கூத்து? வேலை செஞ்சா கெடுதல், சும்மா இருந்தா நல்லதுங்களா?"

"ஃபேன் நல்லா ஓடுதுங்களாண்ணா?"

"நல்லாவா? முன்னாடி வந்து நில்லுங்க, மூஞ்சியில அடிக்கும் காத்து. அந்த எலுமிச்சங்காயைப் பாருங்க, எப்படிப் பறக்குதுன்னு!"

ஃபியூஸைச் செருகிவிட்டு எஞ்சினைப் போட்டார். சற்று நேரத்தில் ஃபேன் சுற்றியது. திருஷ்டிக்குக் கட்டிய எலுமிச்சை கிரில்லை விட்டு விலகி முன்பக்கமாக ஆடியது. நாச்சிமுத்து பெருமையோடு அதைக் காட்டினார்.

வாணி நேற்றைய பேப்பரில் ஒரு தாளைக் கிழித்தாள். கிரில்லின் மேல் வைத்துக் கையை எடுத்தாள். தாள் பறந்து போய்த் தரையில் விழுந்தது.

"ஏண்ணா விழுகுது?"

"காத்து அவ்வளவு பலமுங்க."

அவள் தாளை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. நாச்சிமுத்துவுக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. இவளும் தன்னைப் போலவே தடுமாறுகிறாளோ என்றுகூட ஒரு கணம் பயந்துபோனார்.

"ஃபேன் எதுக்குண்ணா?"

"ரேடியேட்டருக்குக் காத்துக் குடுக்கத்தானுங்க?"

"உங்க மூஞ்சிக்கில்ல குடுக்குது. குனிஞ்சு பாருங்க, எங்கிருந்து வர்ற காத்துன்னு."

குனிந்தார். முகத்தில் அடித்தது அனல். டீசலும் எண்ணெயும் கலந்த எஞ்சின் வாடை. இத்தனை நாளும் இந்த அனலைத்தான் காற்று காற்று என்று கொண்டாடியிருக்கிறார்.

"அட கடவுளே! முன்னாடி இருக்கிற நல்ல காத்தை உள்ள இழுக்காம, எஞ்சின் சூட்டையில்ல வெளிய ஊதிட்டிருக்குது! எதுத்து வர்ற காத்தையும் உள்ள விடறதில்ல!"

"ரேடியேட்டர் காத்து வாங்கணும்ணா" என்றாள் வாணி.

எஞ்சினை நிறுத்தி, ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றட்டும் என்று இரண்டு கறுப்பு வயரையும் அவரே இடம் மாற்றினார். மறுபடி ஃபேன் சுற்றியபோது எலுமிச்சை கிரில்லோடு போய் ஒட்டிக்கொண்டது. தாளை வைத்தார். அதுவும் அப்படியே நின்றது.

"ஆனா இத்தனை நாளும் சுத்துச்சேங்க அம்மிணி. சத்தம்கூட இதே சத்தந்தானுங்க."

"சுத்துச்சு" என்றாள் வாணி.

அதற்கு என்ன அர்த்தம் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"துளசியா? நானே கூப்பிடறதா இருந்தேன். காரு சரியாயிருச்சு. என்னாச்சு தெரியுமா, வயரு மாறிருச்சு, யாரா இருந்தாலும் மாறும், ரெண்டும் கறுப்பு. நாளைக்கு வெடியால வர்றேன், துணியெல்லாம் எடுத்து வெச்சுக்க. மில்லு விஷயத்துல நான் செஞ்சது தப்பே இல்ல துளசி, உனக்கு நான் எத்தனை தடவ சொல்லிருக்கேன், அந்த நேரத்துல வேற வழி இல்ல, உன்னைக் கேட்டிருந்தா நீயும் அதைத்தான் சொல்லிருப்ப. என் எடத்துல இருந்து யோசிச்சுப் பாரு. ஹலோ? துளசி? ஹலோ?"

போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"மலையில டவரே கிடைக்கறதில்லைங்க. எப்பப் பேசுனாலும் பாதியில கட்டாயிருது."

வாணி கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா எதுக்குண்ணா கூப்பிட்டாங்க?"

நாச்சிமுத்து நினைவுபடுத்திப் பார்த்தார். மலையேறிப் போன பிறகு துளசிமணி தானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. எடுத்ததும் 'என்னங்க' என்றாள், அது நினைவிருந்தது. அந்தக் குரல் ஒரு மாதிரியாக இருந்ததும் இப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அவள் ஏதாவது சொன்னாளா, சொல்ல வந்தாளா, அழுதாளா? எவ்வளவு யோசித்தும் தன் குரலைத் தவிர வேறொன்றும் காதில் இல்லை.

அவருக்குப் பயமாகிவிட்டது. ஆள் வரமாட்டாள் என்கிற பயம்.

"திரும்பக் கூப்பிடட்டுங்களா?"

கேட்டபடியே எண்ணை அழுத்தினார். மணி வெகுநேரம் அடித்தது. விட்டுவிடலாம் என்று அவர் நினைத்தபோது அந்தப் பக்கம் எடுத்தார்கள். பேச்சில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நாச்சிமுத்து குருவின் பக்கம் திரும்பினார்.

"எடுத்துட்டாளுங்க அம்மிணி. எனக்கு ஒண்ணும் ஓடலைங்க. இப்ப நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லிக் குடுங்க, அப்படியே சொல்லிடறேன்."

"கதை கேக்கறப்ப உம் கொட்டுவோமில்லீங்களாண்ணா" என்றாள் வாணி. "அது உங்களுக்கு வருமா?"