நஸ்ரீன் கையிலிருந்த நாடா

“என்கிட்ட என்ன குறை, மேடம்?” என்று கேட்டான் இளம் டாக்டர் அருள்தாஸ்.

ஈரல் அறுவை சிகிச்சையில் பேர் பெற்ற டாக்டர் திலகவதி கை கழுவிக்கொண்டிருந்தார்.

“யார் குறை சொன்னது?”

“யாரும் சொல்லலை. ஆனா சின்னத் துளை போட்டுச் செய்யற ஈரல் கேஸ் எல்லாம் நஸ்ரீனுக்கே போகுது. அவங்களுக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்தவன் நான். அவங்களைவிட என் கை வேகம்.”

“வேகம்தான்” என்றார் திலகவதி. “நாளைக்கு நீங்க செய்ங்க. நஸ்ரீன் உதவிக்கு நிப்பாங்க.”

அருள்தாஸுக்கு மனம் குளிர்ந்தது. ஆபரேஷன் கிடைத்ததைவிட, அவள் உதவிக்கு நிற்கப்போவது இனித்தது.

மறுநாள் மேசையில் ஒரு பஸ் கண்டக்டர். ஈரலில் கட்டி.

வயிற்றில் துளையிட்டுக் கேமராவை இறக்கினார்கள். ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுற்றி ஒரு நாடா போட்டு, அதன் நுனியை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டாள் நஸ்ரீன். இழுத்து இறுக்கினால் ரத்தம் நிற்கும்.

“தேவைப்படாது” என்றான் அருள்தாஸ்.

நஸ்ரீன் நாடாவை விடவில்லை.

பாதி ஈரல் அறுத்தாயிற்று. ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. பின்னால் நின்ற திலகவதி கவனிக்கிறாரா என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தான்.

மறுபடி பார்த்தபோது கேமராத் திரை முழுக்கச் சிவப்பு.

குழாய் விட்டு ரத்தத்தை உறிஞ்சினான். மீண்டும் சிவப்பு. துணி வைத்து அழுத்தினான். அது ஊறிப்போயிற்று.

“பிரஷர் இறங்குது” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

“இறுக்கட்டுமா?” என்றாள் நஸ்ரீன்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லிவிட்டால், காப்பாற்றியது நஸ்ரீன்தான் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேசும். அருள்தாஸ் இன்னொரு தடவை உறிஞ்சினான்.

சுவரோரம் நின்ற திலகவதி முன்னால் வந்தார்.

“இறுக்குங்க” என்றான் அருள்தாஸ்.

நாடா இறுகியது. திரையில் சிவப்பு குறைந்தது. கிழிந்த குழாய் கண்ணில் பட்டது. அதில் தையல் போட்டான்.

“ஈரலை ரொம்ப நேரம் பட்டினி போடக் கூடாது. தளர்த்தறேன்” என்றாள் நஸ்ரீன்.

தையல் தாங்கியது. மிச்சத்தையும் அறுத்துக் கட்டியை எடுத்தார்கள்.

சாயங்காலம் கண்டக்டர் கண் விழித்துத் தண்ணீர் கேட்டார். அதன் பிறகுதான் அருள்தாஸ் திலகவதியின் அறைக்குப் போனான்.

“ரத்தம் வந்தது என் தப்பு, மேடம்.”

“ரத்தம் யாருக்கும் வரும். எனக்கும் வந்திருக்கு” என்றார் அவர்.

அவன் போகத் திரும்பினான்.

“நஸ்ரீன் கேட்டாங்க. அப்புறம் நீங்க பதில் சொன்னீங்க” என்றார் திலகவதி. “நடுவுல எங்க போயிருந்தீங்க?”