‘வாரோம்’ சொன்ன தலைவன்

காது உள்ளவர்களுக்குத்தான் இந்தக் கதை. பாதியில் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். நடுவில் ஒரு சின்ன விஷயம் கிடக்கிறது. அதைத் தாண்டிப் போனால் கடைசியில் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் தூத்துக்குடியில் ஒரு கால்பந்துச் சங்கத்துக்கு உலகத்தையே விருந்துக்கு அழைக்கும் ஆசை வந்தது. மூன்று கண்டக் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து மார்செய் நகரத்து அணி ஒன்றும் ஆப்பிரிக்காவிலிருந்து ஓரான் நகரத்து அணி ஒன்றும் கப்பலேறி வந்து இறங்கின. இரண்டு அணிக்கும் பேச்சு பிரெஞ்சு. அழைத்தவர்களில் ஒருவருக்கும் அதில் ஒரு வார்த்தை தெரியாது. யோசிக்காமலா அழைத்தார்கள் என்று கேட்கிறீர்களா? யோசிக்காமல்தான். கோல் கம்பத்துக்கு வலை வேண்டும் என்பதுகூட முதல் ஆட்டத்தன்று காலையில்தான் ஞாபகம் வந்தது. அணித் தலைவன் கஸ்பாரின் வள்ளத்திலிருந்து மீன் வலையை எடுத்துவந்து கட்டினார்கள்.

பிரெஞ்சுக்கு கஸ்பாரின் மனைவி ரெஜினாளைப் பிடித்தார்கள். கான்வென்டில் பிரெஞ்சுக்கார மதரிடம் ஆறு வருடம் படித்துப் பரிசு வாங்கியவள். “சொன்னதைச் சொல். சேர்க்காதே, குறைக்காதே” என்று விரல் முட்டியில் அடித்தே சொல்லிக் கொடுத்திருந்தார் மதர்.

மார்செய் அணி முதலிலேயே தோற்றுவிட்டது. இறுதி ஆட்டம் தூத்துக்குடிக்கும் ஓரானுக்கும். விதிப் புத்தகத்தில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். ஆட்டத்தை விட்டுக்கொடுத்துப் போகிற அணி தோற்ற அணி. விட்டுக்கொடுக்காமலே ஆட்டம் முடியாமல் பொழுது சாய்ந்தால், கோப்பை அழைத்தவர்களிடமே இருக்கும்.

ஆளுக்கு ஒரு கோல். இருபது நிமிடம் பாக்கி இருக்கும்போது தூத்துக்குடியின் கோல் காப்பவனுக்குத் தோளெலும்பு முறிந்து, தூக்கிக்கொண்டு போனார்கள். மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அங்கே கிடையாது. அதே நேரம் மழையும் கொட்டியது. கொழும்பிலிருந்து வந்த நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார்.

கஸ்பார் சேற்றில் நடந்துவந்து ஓரான் தலைவன் ஹவாரியின் கையைப் பிடித்துக் குலுக்கினான். “நல்லா ஆடினீங்க. வாரோம்.”

கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டிக் குடைக்குள் நின்ற ரெஜினாள், சேர்க்காமல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னாள்: “நன்றாக ஆடினீர்கள். திரும்பி வருகிறோம்.”

“காத்திருக்கிறோம்” என்றான் ஹவாரி.

காத்திருந்தார்கள். அரை மணி கழித்து நடுவர் ரெஜினாள் மூலம், “அவர்கள் வரமாட்டார்கள் போலிருக்கிறது. ஊதிவிடட்டுமா?” என்று கேட்டார். “வருவதாகச் சொன்னார்களே” என்றான் ஹவாரி. பதினொரு பேரும் பல் கிடுகிடுக்கப் பொழுது சாயும்வரை மழையில் நின்றார்கள். ரெஜினாள் திரும்பிப் பார்த்தபோது கம்பங்கள் மொட்டையாக நின்றன. தூத்துக்குடி அணியோ சங்கக் கொட்டகையில் தலை துவட்டி, சூடாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

ரெஜினாள் உள்ளே நுழைந்ததும் செயலாளர் கர்வாலோ எரிந்து விழுந்தார். “ஏம்மா, வந்த விருந்தாளியை இப்படியா மழையில நிக்க வைக்கிறது? நீ படிச்ச பிரெஞ்சைக் கொண்டுபோய்க் கடல்ல போடு!”

பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இரண்டாவது வரியில் விரல் நின்றது. குரலில் பாகு வடிந்தது.

“தங்கச்சி, உன் பிரெஞ்சு தங்கம்லா! வாரோம்னா வாரோம்தான். நம்ம விட்டுக்கொடுக்கவே இல்ல. பொழுது சாஞ்சிட்டு, அதுக்கு நாம என்ன செய்ய?”

நடுவர் பதிவேட்டைத் திறந்து அவள்முன் வைத்தார். தலைவர் திரும்பி வருவதாகச் சொன்னாரா, ஆட்டத்தை விட்டுக்கொடுத்து விடைபெற்றாரா? மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ரெஜினாளுக்கு உச்சந்தலை எரிந்தது. அரை நிமிஷத்துக்கு முன் கடலில் போட வேண்டிய பிரெஞ்சு, இப்போது தங்கம்! புருஷன் பக்கம் திரும்பினாள். “நீங்களே சொல்லுங்க. என்ன அர்த்தத்துல சொன்னீங்க?”

கஸ்பார் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான். “வாரோம்னேன். அவ்வளவுதான்.”

“அப்ப வலையை ஏன் கழட்டிட்டு வந்தீங்க?”

“மழையில நனைஞ்சிரும்லா.”

கொட்டகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

திரும்பி வருவதாகச் சொன்னார் என்று எழுதினால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அவள் பேரும் நிற்கும், கோப்பையும் புருஷன் கையில் நிற்கும். விடைபெற்றார் என்று எழுதினாலோ, பரிசு வாங்கிய பிரெஞ்சு தப்பு என்று அவளே கைப்பட எழுதிக் கொடுத்ததாகும். கட்டினவளே கோப்பையைத் தூக்கிக் கொடுத்தாள் என்று தெரு முழுக்கப் பேசும். ஆனால் இந்த ஊரில் படியிறங்குகிற எவன் ‘போறேன்’ என்று சொல்கிறான்? அப்படிச் சொன்னால் வாயிலேயே போடமாட்டார்களா? வருகிறவனுக்கும் வாரேன், போகிறவனுக்கும் வாரேன்.

இவ்வளவுதான் கதை. இப்போது சொல்லுங்கள்: கோப்பை யாருக்குச் சேர வேண்டும்? ரெஜினாள் என்ன எழுதியிருப்பாள்?

விடை: கோப்பை ஓரானுக்கு. ‘வாரோம்’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு விடிய விடிய வழக்காடலாம், தீராது. வலைதான் வழக்கைத் தீர்க்கிறது. வருஷமெல்லாம் கடலில் ஊறுகிற மீன் வலைக்கு மழை ஒரு கேடா? திரும்பி வந்து ஆடப் போகிறவன் கோல் வலையைச் சுருட்டிக்கொண்டு போகமாட்டான். ரெஜினாள் எழுதினாள்: ‘தலைவர் விடைபெற்றார். நான் சொல்லைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. வலையைக் கழற்றிய தவறு அவருடையது.’ மறுநாள் ஹவாரி கோப்பையோடு கப்பலேறினான். அன்று மாலை கஸ்பார் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, “வாரேன்” என்றான்.

“எந்த வாரேன்?” என்று கேட்டாள் ரெஜினாள்.