அபைட் என்ற வினைச்சொல்

“டீச்சர், இந்த ஒரு வினைச்சொல் என்னைப் போட்டு வாட்டுது,” என்றார் தேவசகாயம்.

தபால் இலாகாவில் ஓய்வுபெற்றவர். அறுபத்து மூன்று வயது. ஜெசிந்தா அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் மொழிபெயர்ப்பில் அவள்தான் அவருக்குக் குரு.

அவர் தமிழாக்குவது கடலோடி ஒருவனுடைய மனைவியைப் பற்றிய பழைய ஆங்கில நாவல். கணவன் திரும்பவில்லை. அவள் என்ன செய்தாள்? ‘அபைட்’ செய்தாள்.

“இப்ப யாரும் அப்படிப் பேசுறதில்ல, பழைய கதையிலதான் வருது. அகராதியில மூணு அர்த்தம். தங்கினாள், காத்திருந்தாள், பொறுத்துக்கொண்டாள். எதைப் போட?”

“மூணும் சேர்ந்ததுதான் அந்தச் சொல்லு.”

“தமிழ்ல?”

ஜெசிந்தா அவருடைய நோட்டை மூடி, தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“உங்க வீட்டு அக்கா எங்க, அண்ணாச்சி?”

அவர் தலை கவிழ்ந்தது.

“உடன்குடியில, அவ தம்பி வீட்டுல. அவ அம்மா செத்தப்ப, ‘நீ முன்னால போ, இந்த அத்தியாயத்தை முடிச்சிட்டு வாரேன்’னு சொன்னேன். போகல. எட்டு மாசம் ஆச்சு.”

“அத்தியாயம் முடிஞ்சிதா?”

“இல்ல. அவ செருப்பு ஒரு ஜோடி வாசல்ல கெடக்கு. மழை வந்தா எடுத்து உள்ள வைக்கேன்.”

“உடன்குடிக்குப் போய்ட்டு வாங்க. நோட்டு இங்கயே இருக்கட்டும்.”

மறுநாள் காலை உடன்குடியில் மச்சினன் அவரை வாசலிலேயே மறித்தான்.

“அடக்கத்துக்கு வராத ஆளுக்கு இப்ப என்ன சோலி?”

தேவசகாயம் வீட்டுக்கு எதிரே, முருங்கை மரத்தடியில் கிடந்த கல்லில் போய் உட்கார்ந்தார்.

மத்தியானப் பஸ் வந்து போனது. மச்சினன் இரண்டு முறை வெளியே வந்து ஏசினான். அவர் இடத்தை விட்டு நகரவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு, ஜன்னலுக்குப் பின்னாலிருந்து மனைவி பாக்கியமணியின் குரல்.

“கடைசி பஸ் வரப்போவுது.”

“போவட்டும்.”

“எழுதுற வேலை இல்லையோ?”

“அத்தையை எங்க அடக்கம் பண்ணியிருக்கு, பாக்கியம்? என்னைக் கூட்டிட்டுப் போறியா?”

ஜன்னலில் இருந்த நிழல் விலகியது.

தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது. வெறும் ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்தபடி பஸ்ஸுக்காக மெல்ல எழுந்தார்.

கதவு திறந்தது. அழுத முகத்தைத் துடைக்காமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் பாக்கியமணி.

“இருங்க,” என்றாள்.