ஒச்சம்மா நீட்டிய மைக்

கீழமங்கலத்தில் ஒச்சம்மா என்று ஒருத்தி. காலையில் அரசாங்கத்துப் பெரியாஸ்பத்திரியிலும் சாயங்காலம் தனியார் ஆஸ்பத்திரியிலும் ஸ்ட்ரெச்சர் தள்ளுவாள். ஒருநாள் ஊர்க் கூட்டத்தில் பெரியாஸ்பத்திரி டாக்டரும் தனியார் முதலாளியும், ஜனங்கள் யாரை நம்பலாம் என்று மைக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பேசினார்கள். முடிவு வரவில்லை.

"ரெண்டு இடமும் தெரிஞ்சவ நீதான், சொல்லு" என்று ஊர்க்காரர்கள் அவளிடம் மைக்கைக் கொடுத்தார்கள். யாரைச் சொன்னாலும் ஒரு வேலை போய்விடும்.

ஒச்சம்மா நிதானமாகச் சொன்னாள்: "டாக்டரையா தன் மகளைப் பிரசவத்துக்கு முதலாளிகிட்டதான் சேர்த்தார். முதலாளியும், நோயாளி உயிருக்கு ஆபத்துன்னா உடனே பெரியாஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவார். டாக்டரையா முதலாளியை நம்புறார், முதலாளி டாக்டரையாவை நம்புறார். படிச்சவங்க ரெண்டு பேர் முடிவையும் நான் எப்படிங்க தட்டுவேன்?"

சொல்லிவிட்டு மைக்கை நீட்டினாள். இரண்டு பேரும் வாங்கவில்லை.