காவல் இல்லாத குடம்

திருமேனி ஓடி வந்து குருவின் எதிரே நின்றான். மூச்சு வாங்கியது.

"சாமி, நாளைக்குக் காலையில எங்க அண்ணனைத் தூக்குல போடப் போறாங்க. பாளையக்காரர் உங்க பேச்சைக் கேப்பார். செங்கோடன் திருடன் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவன் என் அண்ணன் சாமி."

"அது உனக்குப் போதும். எனக்குப் போதாது."

திருமேனிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. இந்த மனிதரை நம்பியா இத்தனை வருஷம் இங்கே கிடந்தோம் என்று நினைத்தான்.

"அவன் மேல என்ன சாட்சி?" என்றார் குரு.

"பாத்தவங்க யாரும் இல்லை. அவனைப் பிடிச்ச பிறகு ஊர்ல ஒரு திருட்டுகூட நடக்கலையாம். அதுவே சாட்சியாம். காவல் தலைவர் சொல்றார்."

"நடக்கலைன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

"யாரும் புகார் சொல்லி வரலையாம்."

"நீ போய் வீடு வீடா விசாரிச்சிட்டு வா."

காவல் தலைவர் வீரபாகு, செங்கோடன் பிடிபட்ட அதே வாரம் ஒரு சட்டம் போட்டிருந்தார். பொய்ப் புகார் கூடாதாம். அதனால் பொருளைப் பறிகொடுத்தவன், திருடன் அகப்படும்வரை காவல் சாவடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு சாவடிப் பக்கம் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஊரையே திருத்திவிட்டதாக அவர் மார்தட்டிக்கொண்டிருந்தார்.

திருமேனியைக் கண்டதும் கதவுகள் சாத்திக்கொண்டன. ஒருத்தி மட்டும் அவனை உள்ளே இழுத்து, செங்கோடன் பிடிபட்ட பிறகு, போன மாதம் தன் வீட்டுப் பித்தளை அண்டா களவு போனதைச் சொன்னாள். வெளியே சொல்லிவிடாதே என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தவன் கத்தாத குறைதான்.

"கிடைச்சிருச்சு சாமி. அந்த அம்மாவை அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்."

"சொல்ல மாட்டேன்னு அவகிட்ட வாக்குக் கொடுத்தியா?"

"கொடுத்தேன். ஆனா அண்ணன் உயிர் சாமி."

"அவளைச் சாவடியில உக்கார வெச்சுட்டா, அடுத்த வீட்டுக்காரி உன்கிட்ட வாயைத் திறப்பாளா? ஒரு அண்டாவும் போதாது. கிளம்பு."

அரண்மனையில் குரு கருணை கேட்கவில்லை.

"ராசா, திருட்டு நின்னுடுச்சான்னு பாத்துட்டு அப்புறம் தூக்குல போடுங்க."

வீரபாகு முந்திக்கொண்டார். "சிஷ்யனுக்காகப் பேசறார்."

"அப்படித்தான் தோணும்," என்றார் குரு. "அதனால நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்க மாட்டோம். நீங்களும் நிக்க வேண்டாம், தலைவரே."

அவர் சொன்னபடி உள்ளறையில் இரண்டு குடங்களை வைத்து வாயைத் துணியால் மூடினார்கள். வீட்டுக்கு ஒருவர் வர வேண்டும். ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு கூழாங்கல். செங்கோடன் பிடிபட்ட பிறகு வீட்டில் களவு போயிருந்தால் முதல் குடத்தில் கொட்டை. போகவில்லை என்றால் கல். மிச்சத்தை மற்றக் குடத்தில் போட்டுவிட்டு வெறுங்கையோடு போகலாம். யார் எதைப் போட்டார்கள் என்பது போட்டவருக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொருவராக உள்ளே அனுப்பப் பாளையக்காரரே வாசலில் நின்றார்.

தள்ளி மதிலோரம் நின்ற திருமேனி, போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்தான். ஒருவரும் அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வாயைத் திறக்கப் பயந்தவர்கள், கையைத் திறக்க மட்டும் பயப்பட மாட்டார்களா?

பொழுது சாயும் நேரத்தில் பாளையக்காரர் எல்லார் முன்னாலும் முதல் குடத்தைக் கவிழ்த்தார். முதலில் கூழாங்கற்கள் உருண்டன. திருமேனி கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது தரையில் பாதிக்கு மேல் புளியங்கொட்டை கிடந்தது.

பாளையக்காரர் குனிந்து ஒரு கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அப்படின்னா செங்கோடன் நிரபராதியா?" என்று கேட்டார் பாளையக்காரர்.

"அது எனக்குத் தெரியாது ராசா. திருட்டு நிக்கலை, புகார்தான் நின்னிருக்கு. அது மட்டும் தெரியும்."

வேறு சாட்சி இல்லாததால் செங்கோடனை அவிழ்த்துவிட்டார்கள். சாவடிச் சட்டமும் அன்றோடு போனது. வீரபாகு சுதாரித்துக்கொண்டு குடத்தைக் கையில் எடுத்தார்.

"நல்ல யோசனை சாமி. இனிமே மாசாமாசம் இதை எங்க ஆளுங்களே வெச்சு நடத்திக்கறோம்."

"அப்படின்னா கூழாங்கல் மட்டும் நிறையப் பொறுக்கி வெச்சுக்கோங்க," என்றார் குரு.

வீடு திரும்பும் வழியில் செங்கோடன் முன்னே நடந்தான். திருமேனி அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெல்லக் கேட்டான்.

"சாமி, குடத்துல எல்லாம் கல்லாவே இருந்திருந்தா?"

"கல்லுன்னு சொல்லியிருப்பேன்."

"அண்ணன் செத்திருப்பானே."

குரு முன்னே போகும் செங்கோடனைப் பார்த்தார்.

"ராசா குடத்தைக் கவிழ்த்தப்ப நானும் கண்ணை மூடிக்கிட்டேன், திருமேனி. ஆனாலும் கல்லுன்னுதான் சொல்லியிருப்பேன்."